துண்டில் விழுந்த மற்றவர் பெயர்

உவர்மலைக்காரன்:
திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதிக்குப் படகுப் பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். புறாமலைத் தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கவுண்டர், திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சீசன் சூடுபிடித்த ஒரு காலை, முதல் கவுண்டர்த் தங்கச்சி போன் எடுத்தாள். "அண்ணா, காசு வாங்கினது நான். பற்றுச்சீட்டுத் துண்டில மற்றப் பக்க அண்ணாவின்ர பேர் விழுந்திருக்கு." பின்னேரம் கணக்கு முடிக்க, அவளிடம் காசு கூட, அவனிடம் அதே அளவு குறைய. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிழை என்னுடையதுதான். பற்றுச்சீட்டு போடும் சேர்விஸுக்குள் (அந்த வேலையைச் செய்யும் நிரல் பகுதி) 'நடப்புப் பயனர்' என்று ஒரு மாறி வைத்திருந்தேன். கவுண்டர்களிலிருந்து ஒவ்வொரு கோரிக்கையும் வந்தவுடன் லொகின் ஆனவரை அதில் எழுதும், பிறகு சீட்டு அதிலிருந்து பெயரை எடுக்கும். நான் பாவித்தது ஸ்பிரிங் என்ற ஜாவாச் சட்டகம். அதில் நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், அது உருவாக்கி வைத்திருக்கும் பொருள் (பீன்) ஒரே ஒரு பிரதி, அதாவது சிங்கிள்டன்தான், எல்லாக் கோரிக்கைக்கும் அந்த ஒன்றேதான். தங்கச்சியின் பெயரை எழுதிச் சீட்டு அச்சாவதற்குள், பக்கத்துக் கவுண்டரின் கோரிக்கை வந்து தன் பெயரை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. வீட்டில் தனியாக இருந்து நூறு தரம் சோதித்தேன், ஒரு தரமும் பிழைக்கவில்லை. எப்படிப் பிழைக்கும், இருந்தது நான் ஒருத்தன்தானே!

மாறியைத் தூக்கிவிட்டேன். கோரிக்கை நுழையும் இடத்திலேயே லொகின் விபரம் இருக்கும் செஷனைப் பார்த்து ஆள் யார் என்று எடுத்து, சீட்டுப் போடும் மெதட்டுக்கு அளவுருவாக, அதாவது அழைக்கும்போதே கையில் கொடுக்கும் மதிப்பாகக் கொடுக்கிறேன். யார் லொகின் ஆகியிருக்கிறார் என்று சேர்விஸ் தானாகத் தேடவே கூடாது.

நிலாவெளித் தம்பி:
அண்ணை, அளவுரு கொடுக்கப் பஞ்சிப்பட்டு நான் திரெட்லோக்கலில் வைத்தேன். ஒவ்வொரு திரெட்டும் (கோரிக்கையை ஓட்டும் தனி இழை) தனக்கென்று வைத்திருக்கும் இடம் அது. டொம்கெட் சேர்வர் திரெட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாவிக்கும். கோரிக்கை முடிய நான் துடைக்கவில்லை. அடுத்து வந்தவருக்குப் பழைய ஆள் அப்படியே இருந்தார். பைனலியில் (பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) துடைத்த பிறகு அது சரி. அப்புறம் மின்னஞ்சலை வேறு திரெட்டில் அனுப்பப் போனால், அங்கே பயனரே இல்லை.

இரவு வேலை இன்னும் கூத்து. நள்ளிரவில் பணம் கட்டாத பதிவுகளை அழிக்கும் நிரல் அது. அந்த நேரம் யார் லொகின் ஆகியிருப்பார்? சேர்விஸ் விழுந்தது. நான் பொய்யாக முதலாளியின் பெயரில் ஒரு 'அட்மின்' செய்து கொடுத்தேன். மாத முடிவில் முதலாளி கேட்கிறார், "நான் நித்திரையா இருக்கிற நேரம் என்ர பேரில யார் பதிவு அழிக்கிறது?"

கன்னியா அக்கா:
நான் முகப்புப் பக்கம் எழுதுகிற ஆள். ரியாக்ட்டில் (திரைப் பக்கம் கட்டும் நூலகம்) பயனர் பெயரை ஏழு கொம்போனன்ட் (திரைப் பகுதி) வழியாகக் கைமாற்றிக் களைத்து, எந்தப் பகுதியும் நேரே எடுக்கக்கூடிய கொன்டெக்ஸ்டில் போட்டேன். பெயரைக் காட்ட அது நல்லது. ஆனால் அதிலிருந்த பதவியைப் பார்த்து 'அழி' பொத்தானை மறைத்துவிட்டு, பாதுகாப்பு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பயிற்சிப் பிள்ளை பொத்தானே இல்லாமல் நேரே கோரிக்கை அனுப்பி அழித்துக் காட்டினான். இப்போது சேர்வரும் பதவியைப் பார்க்கிறது, உரிமை இல்லாவிட்டால் 403, அதாவது அனுமதி மறுப்பு.

உவர்மலைக்காரன்:
தம்பி, அந்த இரவு வேலைக்கு 'இரவு நிரல்' என்றே ஒரு தனிக் கணக்கு வைத்து, அதை அளவுருவாகக் கொடு. முதலாளிக்கும் விளங்கும். எங்கள் தங்கச்சி இன்னும் துண்டைக் கிழிக்கமுன் பெயரை ஒருக்கால் வாசித்துவிட்டுத்தான் கொடுக்கிறாள்.