போர் தண்ணீருக்கு டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா?

வணக்கம். எங்கள் பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் இனி ரிப்பேருக்குத் தாங்காது. புதிது வாங்கலாம் என்றால், எது என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி.

தாம்பரம் பக்கம், மேல் மாடி வீடு. போர் தண்ணீர்தான், பக்கெட் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் படிகிறது. மொட்டை மாடி டேங்க் தலைக்கு மேலேயே இருப்பதால் குழாயில் வேகமும் குறைவு.

என் ஓட்டு ஃப்ரண்ட் லோடுக்கு. தண்ணீர் குறைவாக எடுக்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். 1200, 1400 ஆர்பிஎம்மில் பிழிந்தால் மழைக்காலத்திலும் துணி சீக்கிரம் காயும். ஆனால் உள்ளே இருக்கும் ஹீட்டரில் உப்புப் படியுமே? கதவு ரப்பரில் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும் என்றும் சொல்கிறார்கள்.

அம்மா டாப் லோட் கட்சி. மூட்டு வலி, குனிந்து துணி போட முடியாது. அதை என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. ஸ்டாண்ட் வைத்து உயர்த்தினால், பிழியும்போது ஆடுமா?

போர் தண்ணீரில் சில வருடமாவது ஃப்ரண்ட் லோட் ஓட்டியவர்கள் சொல்லுங்கள். உப்புப் படிவைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை போடுகிறீர்கள்? குழாயில் மாட்டும் ஃபில்டரால் உண்மையிலேயே பலன் உண்டா? தண்ணீர் மெதுவாக வந்தால் மெஷின் எரர் காட்டி நின்றுவிடுகிறதா, பிரஷர் பம்ப் வைத்தே ஆக வேண்டுமா?

அப்புறம், ஹீட்டர் வைத்த டாப் லோடும் வருகிறதே, அதை யாராவது பயன்படுத்துகிறீர்களா? நாலு பேர், 7 கிலோ போதும். கடையில் கேட்டால் ஸ்டாக்கில் இருப்பதைத்தான் புகழ்வார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.