தம்பியின் வருத்தத்துக்கும் 95 இடப்பெயர்வுக்கும் தொடர்பு இருக்கிறதா?

கோண்டாவில் அக்கா:
தம்பிக்கு மனச்சிதைவு. 2010இல், 21 வயதில், குரல்கள் கேட்கத் தொடங்கின. இப்போது மாதம் ஒரு ஊசி, பெரும்பாலும் சுகம். ஒன்று மட்டும் மாறவில்லை. நான் எதையும் நினைக்காமல் பார்த்தாலே, "ஏன் முறைக்கிறாய்?" என்கிறான். சிரித்தால் பிரச்சினை இல்லை, அழுதாலும் இல்லை. சும்மா இருக்கிற முகம்தான் அவனுக்குப் பயம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தடியில் அம்மாவின் கை நழுவித் தொலைந்து போனான். ஆறு வயது. மறுநாள் மத்தியானம் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் கண்டுபிடித்தோம். ஒரு செருப்பு காலில், மற்றது கையில். "நான் கையை விட்டதாலதான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறார். சின்னம்மா செய்வினை என்கிறார், அதை விடுங்கள். அம்மா சொல்வது உண்மையா? அதே பாதையால் நானும்தானே நடந்தேன்?

மருதடித் தாதி:
அக்கா, உளநலப் பிரிவொன்றில் 12 வருடமாக வேலை செய்கிறேன். முகத்தைப் பற்றி நீங்கள் கவனித்தது சரி. அமிக்டலா என்று மூளைக்குள் பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி, வீட்டுக் காவல் நாய் மாதிரி. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைதான் "படு, அது எங்கட ஆள்" என்று அதை அடக்கும். மனச்சிதைவு உள்ளவர்களில் சாதாரண முகத்தைக் கண்டும் அது குரைப்பதை ஸ்கேன் ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. சின்ன வயதில் நீண்டகாலம் பயத்தோடு வளர்ந்தால் கோட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் அடிக்கடி ஏறி, அடக்குகிற அந்தக் கயிறு தளரக்கூடும்.

ஆனால் அது மட்டும் இந்த வருத்தத்தைக் கொண்டுவராது. பரம்பரையின் பங்கு ஏறக்குறைய 80 வீதம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சிறுவயதுத் துன்பம் இருந்தவர்களில் இதுபோன்ற நோய்க்கான வாய்ப்பு விகிதம், அது இல்லாதவர்களோடு பார்த்தால், சுமார் 2.8 மடங்கு. அங்கே பார்த்தது அடி, பாலியல் துன்புறுத்தல், கவனிப்பின்மை, பெற்றோரின் இழப்பு போன்றவற்றை. ஒரு இரவு கை நழுவியதை அல்ல. அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சுன்னாகம் வாத்தியார்:
பிள்ளை, என் மகனுக்கும் இதே வருத்தம். அறைக்குள் போக முதல் வாசலில் நின்று பேர் சொல்லி, "தேத்தண்ணி கொண்டு வாறன்" என்பேன். பின்னால் போய்த் தொடுவதில்லை. வீட்டில் ஓயாமல் குறை சொன்னால் வருத்தம் திரும்பும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். 30 வருடம் படிப்பித்தவனுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

கோண்டாவில் அக்கா:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கனநேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டு, "80 வீதமோ? அப்ப கொப்பாட பக்கம்தான்" என்றார்.