கடைக் கணினி கிளம்பவில்லை: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

அச்சுக்கடை: வணக்கம். காலையிலிருந்து கணினி கிளம்பவில்லை. பார்க்க வந்தவர் "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார். முகூர்த்த மாதம், பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. என்ன செய்யலாம்? அவசரம்.

நெல்லைவாசி: எந்தப் பிராசஸர்? எந்த வருடம் வாங்கியது? விசிறியே சுற்றவில்லையா, சுற்றியும் திரை இருட்டாக இருக்கிறதா?

மின்கம்பி: எஸ்எம்பிஎஸ்தான் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), சந்தேகமே வேண்டாம். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் முதலில் சாவது அதுதான். போர்டிலிருந்து 24 முனைச் செருகியைக் கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்பையும் இணைத்துப் பாருங்கள். விசிறி சுற்றாவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

பழம்பயனர்: விசிறி சுற்றினாலும் அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மீட்டரில் மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட் வர வேண்டும். அதிருக்கட்டும், கேட்டவருக்கு ஒன்று சொல்கிறேன். மாடல் இல்லை, ராம் (தற்காலிக நினைவகம்) எவ்வளவு என்று இல்லை, பீப் ஒலி வருகிறதா என்றும் இல்லை. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வந்து மருந்து கேட்கிறீர்கள். புதியவர்களுக்கு இதை எத்தனை முறைதான் சொல்வது?

அச்சுக்கடை: மன்னிக்கவும். 2014-இல் அசெம்பிள் செய்தது. ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. விசிறி சுற்றுகிறது, விடாமல் பீப் அடிக்கிறது, திரையில் எதுவும் இல்லை. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் ஓடினால் போதும்.

நெல்லைவாசி: விடாமல் பீப் என்றால் முதலில் ராமைப் பாருங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகள்களைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். அடுத்த ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர் ஏதாவது தலை உப்பியிருந்தால் மட்டும் போர்டைச் சந்தேகப்படுங்கள்.

புதுயுகம்: எதற்கு இந்த வீண் செலவு? விண்டோஸ் 10-க்கே ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் பட்டியலிலேயே இல்லை, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பேஜ்மேக்கரும் 2001-இல் வந்த 7.0-உடன் நின்றுவிட்டது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறுங்கள்.

ஈயஎழுத்து: சொல்வது எளிது. பழைய எழுத்துருவில் செய்த கோப்புகள் கடை முழுவதும் இருக்கின்றன. மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதை யார் உட்கார்ந்து திருத்துவது?

புதுயுகம்: தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. இன்னும் எத்தனை காலம் பழைய எழுத்துருவிலேயே இருப்பீர்கள்?

ஈயஎழுத்து: வாடிக்கையாளர் மாலைக்குள் பத்திரிகை கேட்கிறார், அரசாணை கேட்கவில்லை.

பழம்பயனர்: எழுத்துருச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கடை: ராமைத் துடைத்துப் போட்டதும் கிளம்பிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நெல்லைவாசி: மகிழ்ச்சி. முகூர்த்தம் முடிந்ததும் ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடுங்கள், அந்தச் செலவு வீண்போகாது. விண்டோஸ் 7-ஐ இணையத்தோடு இணைக்காமல் வைத்திருப்பது நல்லது. இன்றே கோப்புகளையும் எழுத்துருக்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் 2014-இல் போட்டதுதானா?