‘ரன்’ என்ற ஒரே வினைச்சொல்லுக்கு இத்தனை அர்த்தமா?

இரவுஷிப்ட்:
வணக்கம். அமெரிக்க கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கும் டீமில் இருக்கிறேன். ஆங்கிலம் பேச எழுத வரும், ஆனால் இந்த ‘ரன்’ மட்டும் கழுத்தை அறுக்கிறது. மீட்டிங் ‘ரன் ஓவர்’ ஆகிவிட்டது என்கிறார்கள், பட்ஜெட் ‘ரன்னிங் லோ’ என்கிறார்கள், க்ளையன்டுக்கு அனுப்பும் முன் ‘ரன் இட் பை மீ’ என்று மேனேஜர் எழுதுகிறார், இன்னொருவர் பழைய நண்பரை ‘ரேன் இன்டு’ என்கிறார். யாருமே ஓடவில்லை! அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. மனப்பாடம் செய்யாமல் பிடிக்க வழி இருக்கிறதா?

பழைய_வாத்தியார்:
தம்பி, மனப்பாடம் என்ற பேச்சையே விடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்லுக்கான விளக்கம்தான் மிக நீளம். அப்புறம் புதிய திருத்தத்துக்காக ‘ரன்’னைக் கையில் எடுத்த பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு அந்த ஒரு சொல்லுக்கே 9 மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தம் என்று 2011இல் செய்தி வந்தது. வெள்ளைக்காரனுக்கே அது மனப்பாடம் கிடையாது.

நான் வகுப்பில் சொல்வது இதுதான். தமிழில் ‘ஓடு’ வேறு, ‘ஓட்டு’ வேறு. பஸ் ஓடுகிறது, டிரைவர் ஓட்டுகிறார். தன்வினை, பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு சொற்கள் இருந்தன: தானாக ஓடுவதற்கும் பாய்வதற்கும் ‘ரின்னன்’, குதிரையை ஓட்டுவது போன்றவற்றுக்கு ‘ஏர்னன்’. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டன. அதனால்தான் மெஷினும் ‘ரன்’ ஆகிறது, நாமும் மெஷினை ‘ரன்’ செய்கிறோம். ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தால், பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ‘ஓட்டு’ பக்கம், இல்லாவிட்டால் ‘ஓடு’ பக்கம். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். (கம்பெனியை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் ‘நட’விலிருந்து ‘நடத்து’ எடுத்து நடத்துகிறோம். நமக்கு அவசரம் கொஞ்சம் குறைவு போல.)

மஞ்சள்வெயில்:
வாத்தியார் சொன்னது நல்ல பிடி, ஆனால் மீதிப் பாதிதான் இவருடைய சிக்கலே. ‘ரன்னிங் லோ’, ‘ரன்னிங் லேட்’, கிணறு ‘ரேன் டிரை’ இதிலெல்லாம் ஓடுவதும் இல்லை, ஓட்டுவதும் இல்லை. பின்னால் வருகிற சொல் ஒரு நிலையைச் சொல்கிறது, ‘ரன்’ என்பது ‘அப்படி ஆகிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பட்ஜெட் குறைந்துகொண்டே வருகிறது, நேரமாகிக்கொண்டிருக்கிறது, கிணறு வற்றிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் ‘பை’, ‘இன்டு’, ‘ஓவர்’ என்று பின்னால் ஒட்டும் அந்தக் குட்டிச் சொற்கள். அவற்றை ‘ரன்’னோடு சேர்த்து ஒரே சொல்லாக வைத்துக்கொள்ள வேண்டும், பிரித்தால் கெட்டது. ‘ரன் இட் பை மீ’ என்றால் என் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்று அர்த்தம். ‘ரன் இன்டு’ மூன்று மாதிரி வரும்: எதிர்பாராமல் ஆளைப் பார்ப்பது, வண்டி போய் மோதுவது, செலவு லட்சக்கணக்கில் போவது. ‘ரன் ஓவர்’ என்பது மீட்டிங்குக்கு வந்தால் நேரம் தாண்டிவிட்டது, ஆளுக்கு வந்தால் வண்டி ஏறிவிட்டது, கணக்குக்கு வந்தால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்ப்பது. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பார்க்காமல் இதற்கு அர்த்தம் சொல்லவே முடியாது. தமிழிலும் படம் 100 நாள் ஓடுகிறது, மண்டையில் ஒன்றும் ஓடவில்லை என்கிறோம், கேட்பவர் காலைத் தேடுவதில்லையே.

இரவுஷிப்ட்:
இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியென்றால் ‘ரன் தி நம்பர்ஸ்’ வாத்தியார் சொன்ன ‘ஓட்டு’ வகையா? இன்னொன்று, தேர்தலில் நிற்பதற்கும் இதே சொல்லைத்தான் போடுகிறார்கள், நாம் நிற்கிறோம், அவர்கள் ஓடுகிறார்களா?

நியூஜெர்சி_மாமி:
ஆமாம், ‘ஓட்டு’தான், கணக்குப் போட்டுப் பார் என்கிறார். தேர்தல் விஷயம் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் நம்மைப் போலவே ‘ஸ்டாண்ட்’, இந்தியப் பேப்பர்களில் பெரும்பாலும் ‘கன்டெஸ்ட்’. காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்தால் இங்கே அதுவும் ‘ரன்’, பிரிட்டிஷ்காரர்கள் அதை ‘லேடர்’ என்பார்கள். உங்கள் மேனேஜர் அமெரிக்கர் என்றால் ‘ரன் இட் பை’ என்றே எழுதுங்கள். பிரிட்டிஷ் க்ளையன்ட் வந்தால் ‘ரன் இட் பாஸ்ட்’ என்றும் கேட்பீர்கள், இரண்டும் ஒன்றுதான்.