9 அடி தண்ணியை 18 அடின்னு காட்டுற ஃபிஷ் ஃபைண்டர்: வாங்கலாமா, விட்டுடலாமா?

ஓசூர் தூண்டில்

எல்லாருக்கும் வணக்கம். வேலை ஓசூர் சிப்காட்டில், சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். மாசத்துல ரெண்டு ஞாயிறு ஒட்டனூர் போயிடுவேன். மாமா அங்க மேட்டூர் அணைத் தண்ணியில லைசென்ஸ் வச்சு வலை போடுறவர். நான் கூடப் போய் தூண்டில் போடுறதோட சரி. போன தீபாவளி சமயம் ரெண்டு பேரும் சேர்ந்து 12 அடி ஃபைபர் படகு ஒண்ணு பழசா வாங்கினோம். பின்னாடி சின்ன எலெக்ட்ரிக் மோட்டார், 12 வோல்ட்.

கூட வேலை பார்க்கிற ஒருத்தர்கிட்ட 5 இன்ச் ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணி ஆழத்தையும் அடியில இருக்கிறதையும் ஸ்க்ரீன்ல காட்டுற கருவி) சும்மா கிடந்தது. "ஒரு மாசம் ஓட்டிப் பாரு, பிடிச்சா காசு குடு"ன்னு கொடுத்துட்டார். அவரே வந்து படகுல மாட்டியும் கொடுத்தார். இப்போ மூணு பிரச்சினை.

கரையோரம் பாறை இருக்கிற இடத்துல 18 அடின்னு காட்டுது. மாமா நம்பலை. கயித்துல அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில கல்லைக் கட்டி இறக்கினார். ஒம்போதாவது முடிச்சுல கல் உட்கார்ந்துடுச்சு. அதே ஆழம், ஆனா சேறு இருக்கிற இடத்துல நம்பரே வரலை, வெறும் கோடு கோடா நிக்குது. நடு ஆத்துல 35 அடி, 40 அடி எல்லாம் கயிறோட சரியா ஒத்துப்போகுது.

ரெண்டாவது, மோட்டாரைப் போட்டா ஸ்க்ரீன் முழுக்க மழை பெய்யுது. மூணாவது, மீன் படம் எங்க பார்த்தாலும் கூட்டம் கூட்டமா வருது, ஒண்ணும் கடிக்கலை. மாமா "உன் டிவியில இருக்கிற மீனை வறுத்துத் தின்னு"ங்கிறார்.

இதை வாங்கிடலாமா, இல்ல காசு சேர்த்து சைடு இமேஜிங் (படகுக்கு ரெண்டு பக்கமும் அடியில இருக்கிறதைப் படமா காட்டுறது) வச்ச புது மாடலுக்குப் போகலாமா?

பாரூர் ஏரிக்கரை

மீன் படத்தை முதல்ல ஆஃப் பண்ணுங்க. மெனுல ஃபிஷ் ஐடி, ஃபிஷ் சிம்பல் இப்படி ஏதாவது பேர்ல இருக்கும். நடுத்தண்ணியில மிதக்கிற எதையும் அது மீன்னுதான் சொல்லும். இலை, காத்துக்குமிழி, முங்கிக் கிடக்கிற மரக்கிளை எல்லாத்துக்கும் ஒரே படம். எனக்கு ஒரு தடவை விட்டுப்போன வலையையே பதினஞ்சு மீனா காட்டுச்சு.

சோல்டரிங் அண்ணன்

தம்பி, கேள்வியிலேயே பாதி பதிலை எழுதிட்டீங்க. பாறையில ரெண்டு மடங்கு, சேத்துல ஒண்ணுமே இல்ல, ஆழத்துல சரி. இந்த மூணையும் சேர்த்துப் பாருங்க.

அடியில இருக்கிற டிரான்ஸ்டியூசர் ஒரு சத்தத்தைக் கீழ விடுது. தண்ணியில சத்தம் விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். போய் தரையில முட்டித் திரும்பி வர்ற நேரத்தை வச்சு ஆழத்தைக் கணக்குப் போடுது. 30 அடின்னா போக வர விநாடியில ஆயிரத்துல 12 பங்குதான். தரை பாறையா இருந்தா சத்தம் பலமா திரும்பும். வந்தது தண்ணி மட்டத்துலயும் படகு வயித்துலயும் பட்டு மறுபடி கீழ போய், மறுபடி மேல வரும். அந்த ரெண்டாவது எதிரொலி ஒரு நடைக்குப் பதில் ரெண்டு நடை நடந்திருக்கு, அதனால சரியா ரெண்டு மடங்கு ஆழம். சேறு சத்தத்தை விழுங்கிடும், அங்க ரெண்டாவது எதிரொலியே கிடையாது.

சரி, முதல் எதிரொலி எங்க போச்சு? எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஸ்க்ரீன் மேல் பக்கம் எவ்வளவு அடி வரைக்கும் கலங்கலா இருக்கு? டிரான்ஸ்டியூசரை எங்க, எதை வச்சு ஒட்டியிருக்கார்? அப்படியே, மோட்டாருக்கும் இதுக்கும் ஒரே பேட்டரியான்னும் சொல்லுங்க.

ஓசூர் தூண்டில்

அண்ணா, மேல ஒரு 10 அடி வரைக்கும் கெட்டியா ஒரே பட்டை. இதெல்லாம் அப்படித்தான் போலன்னு நினைச்சேன். டிரான்ஸ்டியூசர் படகுக்கு உள்ள, பின்பக்கம் தரையில சிலிக்கான் போட்டு ஒட்டியிருக்கார். ஓட்டை போட வேண்டாமேன்னு. சென்சிட்டிவிட்டி (திரும்பி வர்ற சத்தத்தை எவ்வளவு பெருசாக்கிக் காட்டணும்ங்கிற செட்டிங்) மேனுவல்ல 95 வச்சிருக்கு, குறைச்சா ஆழத்துல தரை தெரியலைன்னு சொன்னார். பேட்டரி ஒண்ணேதான்.

சோல்டரிங் அண்ணன்

மூணுமே பிடிபட்டுடுச்சு. கருவி மேல குத்தம் இல்ல.

உள்ள இருந்து ஃபைபர் வழியா சத்தம் விடுறது தப்பில்ல, கெட்டி ஃபைபர்னா போகும். ஆனா நடுவுல காத்து இருக்கக் கூடாது. காத்துல பட்டா சத்தம் அங்கயே திரும்பிடும். சிலிக்கான் ரப்பர் மாதிரி இழுபடும், உள்ள குமிழி நிக்கும். (படகுத் தரை ரெண்டு அடுக்கா, நடுவுல ஃபோம் வச்சதா இருந்தா எதைப் போட்டு ஒட்டினாலும் வேலைக்கு ஆகாது. உங்களுக்கு ஆழத்துல சரியா காட்டுறதால அது இல்ல.) சத்தம் பாதி உள்ளயே அடிபட்டு நிக்கிறதால, உங்க ஆள் ஈடுகட்ட சென்சிட்டிவிட்டியை 95க்கு ஏத்திட்டார். அதுதான் மேல 10 அடிக்குப் பட்டை. உங்க 9 அடித் தரை அந்தப் பட்டைக்குள்ள முங்கிப் போச்சு. கருவி பட்டைக்குக் கீழ தெளிவா வர்ற முதல் கோட்டைத் தரைன்னு எடுத்துக்குது. அது 18.

சோதிச்சுப் பாக்க செலவே இல்ல. சிலிக்கானைப் பிளேடால சுரண்டி டிரான்ஸ்டியூசரை எடுங்க. கெட்டி பாலித்தீன் பையில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள டிரான்ஸ்டியூசரைப் போட்டு, படகுத் தரையையும் ஈரம் பண்ணிட்டு அந்த இடத்துல அழுத்திப் பிடிங்க. அடுத்து அதையே படகுக்கு வெளிய தண்ணியில கையால முக்கிப் பிடிங்க. ரெண்டு படமும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா, உள்ளயே எபாக்ஸி போட்டு, குமிழி இல்லாம நசுக்கி ஒட்டிடலாம். வெளிய ரொம்பத் தெளிவா இருந்தா உள்ள ஒட்டுற ஆசையை விட்டுடுங்க.

பேட்டரியைப் பிரிங்க. மோட்டார் ஸ்பீடு கண்ட்ரோலர் கரண்டை வெட்டி வெட்டி விடுது, அந்த இரைச்சல்தான் உங்க மழை. அலாரத்துக்கும் சின்ன யூபிஎஸ்ஸுக்கும் போடுவாங்களே, 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி, அது ஒண்ணு தனியா போதும். உங்க கருவி அரை ஆம்பியர் இழுத்தாக்கூட, பேட்டரியைப் பாதிக்கு மேல காலி பண்ணாம 7 மணி நேரம் ஓடும். பிளஸ் ஒயர்ல பேட்டரிக்குப் பக்கத்துலயே பியூஸ் போடுங்க, எத்தனை ஆம்பியர்னு கருவி புத்தகத்துல இருக்கும். டிரான்ஸ்டியூசர் ஒயரையும் மோட்டார் ஒயரையும் சேர்த்துக் கட்டாதீங்க. நீளம் ஜாஸ்தின்னு டிரான்ஸ்டியூசர் ஒயரை வெட்டவும் வேண்டாம், சுருட்டி வைங்க.

நாகமரைப் பரிசல்

தம்பி நீ ஒட்டனூர்க்காரங்க வூட்டுப் பையனா? உன் மாமன் சொல்றதுல தப்பில்ல. நாங்க முப்பது வருசமா கல்லும் கயிறும்தான். இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். 1934ல அணை கட்டினப்ப முங்கின ஊருங்க மேலதான் நீங்க படகு ஓட்டறீங்க. தண்ணி நல்லா கீழ இறங்கினா எங்களுக்கு எதுக்கால பண்ணவாடியில நந்தி செலை தெரியும், பழைய சர்ச் கோபுரம் தெரியும். செவுரு, மரக்கட்டை, கெணறு எல்லாம் அடியில கெடக்கு. வலை கிழியறதே அதுலதான். உன் மிசின் அதைக் காட்டுச்சுன்னா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, மீனை நானே பாத்துக்கறேன்.

கே.ஆர்.பி. கரை

மேலே சொன்னவர் கேட்டதுதான் உண்மையில் இந்தக் கருவியின் வேலை. மீனைத் தேடி வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். தரையைப் பார்க்க வாங்கினால் மீன் தானாகக் கிடைக்கும். கோடு தடித்துப் பளிச்சென்று இருந்தால் பாறை அல்லது கெட்டித் தரை. மெலிந்து மங்கினால் வண்டல். இரண்டும் சேரும் விளிம்பில் தூண்டிலைப் போடுங்கள்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கிருஷ்ணகிரி அணைப் பக்கம். எங்கள் அணையின் முழு நீர்மட்டமே 52 அடி, உங்கள் மேட்டூர் 120 அடி. இரண்டுக்குமே 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் சத்தம் விடும் கருவி போதும். 50 கிலோஹெர்ட்ஸ், ஆயிரம் வாட் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள் கவலை. 200இல் சத்தம் கீழே விரிந்து போகும் கூம்பு பொதுவாக 20 டிகிரி அளவு இருக்கும்: 30 அடி ஆழத்தில் தரையில் பத்தரை அடி அகல வட்டம்தான் நீங்கள் பார்ப்பது. சில கருவிகளில் 60 டிகிரி கூம்பும் உண்டு. அதில் அதே ஆழத்தில் 35 அடி அகலம். அதிகம் தெரிகிறதே என்று மகிழ வேண்டாம். படகுக்குப் பதினைந்து அடி தள்ளி நிற்கும் மீனும் நேர் கீழே நிற்பது போலத் தெரியும்.

புதிதாக வாங்கினால் சிர்ப் உள்ளதாக வாங்குங்கள். நாதஸ்வரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து ஊதாமல் கீழிருந்து மேலே இழுப்பது போல, ஒரே அலைவரிசைக்குப் பதில் ஒரு வரிசையையே விடும். தரையை ஒட்டி நிற்கும் மீன் தரையோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் மூன்றிலும் சின்ன மாடல்களிலேயே வந்துவிட்டது.

சைடு இமேஜிங் உங்களுக்கு வேண்டாம் என்பேன். படகு நேர்கோட்டில், ஒரே நிதானமான வேகத்தில் போனால்தான் படம் உருவாகும். காற்றடித்தால் உங்கள் 12 அடிப் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும். (பரிசலில் மாட்டினால் படம் கோலமாக வரும்.) அந்தக் காசுக்கு ஜிபிஎஸ்ஸும், ஓடிய இடத்தின் ஆழத்தைத் தானே வரைபடமாகச் சேமிக்கும் வசதியும் உள்ளதாகப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: குறிக்கும்போது அன்றைய மேட்டூர் நீர்மட்டத்தையும் பேப்பரில் பார்த்து எழுதி வையுங்கள். நீர்மட்டம் 110 அடி இருந்த அன்று 40 அடி என்று குறித்த பள்ளம், 90க்கு இறங்கியதும் 20 அடிதான். இதை எழுதாமல் ஒரு வருடம் முழுக்க வீணாக்கினேன்.

இன்னொன்று, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால் சில ஸ்க்ரீன்கள் கறுப்பாகத் தெரியும். வாங்கும் கடையிலேயே கண்ணாடியோடு பாருங்கள். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய என் நண்பருக்கு, பெட்டியில் டிரான்ஸ்டியூசரே இல்லாமல் வெறும் ஸ்க்ரீன் பகுதி மட்டும் வந்தது. 'டிரான்ஸ்டியூசருடன்' என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

ஒகேனக்கல் பக்கம் மேலே ஏறினால் காவிரி சரணாலய எல்லை வந்துவிடும். அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும்.

ஓசூர் தூண்டில்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஷிப்ட் மாறிடுச்சு.

பை சோதனை பண்ணினேன். சிலிக்கானை உரிச்சப்ப உள்ள அப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தது அண்ணா. பைக்குள்ள வச்சதும் பட்டை 3 அடிக்கு இறங்கிடுச்சு. வெளிய தண்ணியில பிடிச்சா இன்னும் சுத்தம். அதனால ஒட்டலை. முக்கால் இன்ச் பிவிசி பைப்போட அடியில டிரான்ஸ்டியூசரை போல்ட் போட்டு, படகு விளிம்புல கார்ப்பெண்டர் கிளாம்ப் வச்சுப் பிடிச்சிருக்கேன், மோட்டார்ல இருந்து ஒரு முழத்துக்கு மேல தள்ளி. கரைக்கு வரும்போது தூக்கிக்கலாம். சென்சிட்டிவிட்டி ஆட்டோ. பாறை மேல போனோம்: 9.2. மாமா மறுபடி கல்லை இறக்கினார், ஒம்போதாவது முடிச்சு. ஒண்ணும் சொல்லலை, கயித்தைச் சுருட்டி சீட்டுக்கு அடியில வச்சுட்டார்.

தனி பேட்டரி போட்டதும் மழை நின்னுடுச்சு. ஆனா ஸ்பீடு ஏத்தினா பைப் ஆடுது, தரை விட்டு விட்டு வருது.

புதுசா ஒரு சந்தேகம். நடு ஆத்துல 45 அடி ஆழத்துல, 22 அடிக்கிட்ட மங்கலா ஒரு படுக்கைக் கோடு போய்க்கிட்டே இருக்கு. மோட்டாரை அணைச்சாலும் போகலை. இதுவும் எதிரொலியா?

சோல்டரிங் அண்ணன்

அந்த ரெண்டாவது எதிரொலி தரைக்குக் கீழதான் வரும், மேல வராது. கோடைக்காலத்துல ஆழமான தண்ணியில மேல சூடு, கீழ குளிர்ச்சின்னு ரெண்டு அடுக்காகும். அது சேர்ற இடத்துல சத்தம் கொஞ்சம் திரும்பும், நுண்ணுயிரும் தூசியும் அங்க தேங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழ ஆக்சிஜன் குறைஞ்சு போறது உண்டு, மீன் பெரும்பாலும் மேலதான் நிக்கும். இரையைத் தரையில போடாம 15, 18 அடியில நிறுத்திப் பாருங்க.

பைப் ஆடுறதுக்கு: நடுவுல இன்னொரு கிளாம்ப். அதோட, டிரான்ஸ்டியூசர் முகம் நேர் கீழ பாக்குதான்னு பாருங்க, ஓடும்போது பின்னாடி சாஞ்சுடும். வேகமா போறப்ப சுத்தி காத்துக்குமிழி வந்தா எந்தக் கருவியும் தரையை விட்டுடும், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

ஓசூர் தூண்டில்

நேத்து 17 அடியில நிறுத்தினேன். ஒன்றரை கிலோ கட்லா ஒண்ணு, ரெண்டு ஜிலேபி மீன். கருவியை வாங்கிட்டேன், சைடு இமேஜிங் யோசனையை விட்டாச்சு.

நாகமரை அண்ணா, பண்ணவாடிக்கு நேரா வர்றப்ப தரை திடீர்னு 6 அடி எழும்பி, செவுரு மாதிரி நேரா இறங்குது. இடத்தைக் குறிச்சு வச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு வலை போடறதுக்கு முன்னாடி மாமாவுக்கு ஒரு போன் பண்ணுங்க, நானும் படகுலதான் இருப்பேன்.

நாகமரைப் பரிசல்

அது செவுருதான் தம்பி. என் வலை ரெண்டு அங்கதான் கெடக்கு. காலைல 5 மணிக்கு வாங்க.