ஸ்காலா மொழி: + போட்டும் செட்டில் (set, ஒரே உறுப்பு இருமுறை வராத தொகுப்பு) உறுப்பு சேரவில்லை, ஏன்?

கேள்வி:
வால் (val) எண்கள் = செட்(1, 2, 3)
அடுத்த வரியில் எண்கள் + 4 என்று கொடுக்கிறேன். பிழை எதுவும் இல்லை, ஆனால் பிரிண்ட் செய்தால் அதே மூன்றுதான். += போட்டால் கம்பைலர் ஒத்துக்கொள்ள மறுக்கிறது. சுமார் ஒரு லட்சம் எண்கள் சேர்க்க வேண்டும். மியூட்டபிள் (உள்ளேயே மாற்றக்கூடிய) செட்டுக்குத்தான் போகணுமா?

பதில் 1:
+ பழைய செட்டைத் தொடாது. 4 சேர்ந்த புதிய செட்டைத் திருப்பித் தரும். நீங்கள் அதை வாங்கி வைக்காமல் விட்டுவிட்டீர்கள்.
வால் புதியவை = எண்கள் + 4
நீங்கள் வைத்திருப்பது இம்மியூட்டபிள் (மாற்ற முடியாத) செட், அதில் += என்ற மெத்தடே கிடையாது. எண்கள் வார் (var, மறுபடி மதிப்பு கொடுக்கக்கூடிய பெயர்) ஆக இருந்தால் கம்பைலர் அதை எண்கள் = எண்கள் + 4 என்று விரித்துக்கொள்ளும். வால் என்றால் ஒருமுறைதான் மதிப்பு கொடுக்கலாம், அதனால் அதற்கு வழியில்லை. வார் போட்டாலும் செட் மாறுவதில்லை, பெயர்தான் வேறு செட்டுக்குத் தாவுகிறது. பழையதைக் கையில் வைத்திருக்கும் ஃபங்ஷனுக்கு இன்னமும் மூன்று உறுப்புதான் தெரியும்.
இப்படி மதிப்பு வீணாவதைப் பிடிக்க, ஸ்காலா 2.13.9 முதல் நான்யூனிட்-ஸ்டேட்மென்ட் என்ற எச்சரிக்கை இருக்கிறது. நீங்களேதான் ஆன் செய்ய வேண்டும்.

பதில் 2:
மியூட்டபிள் தேவையில்லை. ஒவ்வொரு + க்கும் முழு செட்டும் நகலாகும் என்று பயப்பட வேண்டாம். பெரிய செட்டின் உள்ளே இருப்பது ஹாஷ் மரம் (உறுப்பிலிருந்து கணக்கிடும் ஹாஷ் என்ற எண்ணை வைத்து இடம் பிடிக்கும் அமைப்பு): ஒரு கணுவுக்கு அதிகபட்சம் 32 கிளை, ஒவ்வொரு மட்டத்திலும் ஹாஷில் 5 பிட். புது உறுப்பு போகும் பாதையிலுள்ள சில கணுக்கள் மட்டும் நகலாகும், மற்றதெல்லாம் பழைய செட்டோடு பங்கு. உறுப்பு ஏற்கெனவே இருந்தால் அதே செட்டே திரும்பி வரும்.
எண்கள் எல்லாம் ஒரு லிஸ்டில் இருந்தால் எண்கள் ++ லிஸ்ட், முடிந்தது. ஒவ்வொன்றாக வந்தால் ஃபோல்ட்லெஃப்ட் (ஒரு தொடக்க மதிப்பில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் மெத்தட்). அங்கே தொடக்க மதிப்பை வெறும் செட்() என்று கொடுத்தால் ஸ்காலா 2 அதை செட்[நத்திங்] (எந்த மதிப்பும் இல்லாத டைப்பின் செட்) என்று எடுத்துக்கொண்டு டைப் பொருந்தவில்லை என்று அழும், செட்.எம்ப்டி[இன்ட்] என்று எழுதுங்கள். வேகம்தான் முக்கியம் என்றால் செட்.நியூபில்டர்: ஆட்ஒன் போட்டுக்கொண்டே போய் கடைசியில் ரிசல்ட்.

கேள்வி கேட்டவர்:
++ வேலை செய்கிறது, நன்றி. ஆனால் 4 வரை வரிசையாக இருந்தது, 5 சேர்த்ததும் 5, 1, 2, 3, 4 என்று வருகிறதே?

பதில் 3:
நான்கு உறுப்பு வரை தனித்தனிச் சின்ன கிளாஸ்கள், சேர்த்த வரிசை அப்படியே நிற்கும். ஐந்தாவது வந்ததும் ஹாஷ்செட் (பதில் 2-இல் சொன்ன ஹாஷ் மரம்), வரிசை போச்சு. மூன்று உறுப்பு வைத்து எழுதிய டெஸ்ட் பாஸாகி, நிஜ டேட்டாவில் உதைப்பது இதனால்தான். ஏறுவரிசை வேண்டுமானால் ட்ரீசெட். சேர்த்த வரிசைக்கு லிஸ்ட்செட் உண்டு, ஆனால் தேடல் ஒவ்வொன்றாகத்தான் நடக்கும். லட்சம் உறுப்புக்கு அதைத் தொடாதீர்கள்.