சிங்கப்பூரில் வருமான இடைவெளி குறைந்திருக்கிறதா?

தேக்காவாசி:
இடைவெளி கூடிக்கொண்டே போகிறது என்று சொல்பவர்கள் புள்ளிவிவரத் துறையின் எண்களைப் பார்க்கட்டும். வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (0 என்றால் எல்லோருக்கும் சமம், 1-ஐ நெருங்க நெருங்க இடைவெளி அதிகம்) வரிக்கும் அரசு உதவிக்கும் முன் 2007-இல் 0.482, 2023-இல் 0.433. வரியையும் உதவியையும் கணக்கில் சேர்த்தால் 2023-இல் 0.371. கீழ்த்தட்டு ஊழியர்களின் சம்பளத்துக்கு மேல் அரசு கூடுதல் தொகை தரும் வேலைநலன் உதவி 2007-இல் வந்தது. அப்புறம் 2014 முதல் துப்புரவுத் துறையில், திறனும் பொறுப்பும் கூடக் கூட குறைந்தபட்சச் சம்பளமும் உயரும் படிப்படியான சம்பள முறை கட்டாயமானது. இதெல்லாம் பலன் தராமலா போகும்?

நெடுவழி:
எண்கள் சரி, எதை அளந்த எண்கள்? முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கு உட்பட, உழைப்பால் வரும் வருமானம் மட்டுமே இந்தக் கினியின் அடிப்படை. வீட்டு வாடகை, பங்கு ஈவு, வட்டி எதுவும் அதில் இல்லை. உச்சத்தில் இருப்பவர்களுக்கு அவைதானே பெரிய வரவு!

தேக்காவாசி:
2007-இலும் அவை இல்லைதானே? ஒரே அளவுகோலால் வருடா வருடம் அளந்தால் போக்கு தெரிந்துவிடும்.

நெடுவழி:
விடுபடும் பகுதி மாறாமல் இருந்தால்தான் தெரியும். இந்த எண்களுக்கு ஒருவராவது வேலை பார்க்கும் குடும்பங்களை மட்டுமே எடுத்திருக்கிறார்கள். ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும், வேலையில்லாத முதியவர் கணக்கிலேயே வரமாட்டார். நாடு மூப்படைய மூப்படைய அப்படிப்பட்ட வீடுகள் பெருகுகின்றன. ஏழ்மையான ஒரு பகுதி கணக்கை விட்டு நழுவ, குறியீடு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் எவ்வளவு சம்பள உயர்வால் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

கண்மணி:
விடுதிகளில் தங்கியிருக்கும் கட்டுமான ஊழியர்களையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே எத்தனை பேர்! குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தலைமை தாங்கும் குடும்பங்களைத்தான் எண்ணுகிறார்கள். அதனால் இவர்கள் யாரும் இல்லை.

தேக்காவாசி:
அவர்களைச் சேர்த்தால் கட்டுமானம் சூடுபிடிக்கும் வருடம் குறியீடு எகிறும், மந்தமான வருடம் இறங்கும். உள்ளூர்க் குடும்பங்களின் நிலை அதில் மறைந்துபோகும். விடுதி ஊழியர்களின் வீட்டுச் செலவும் சொந்த ஊரில்தான்.

கண்மணி:
வேலை இங்கே, தினச் சாப்பாட்டுச் செலவு இங்கே, நோய்நொடி வந்தால் படுப்பதும் இங்கே. இப்போதுள்ள எண்ணை நீக்கச் சொல்லவில்லை. எல்லா வரவும், இங்கே வாழும் எல்லோரும் அடங்கிய இரண்டாவது எண் ஒன்றையும் வருடந்தோறும் பக்கத்திலேயே வெளியிடட்டும்.

தேக்காவாசி:
முதியவர் விஷயத்தில் சம்மதம். விடுதி ஊழியர் விஷயத்தில் இல்லை, அது தனி அறிக்கையாக வரட்டும்.